என் வீட்டில் விழாத ஓட்டு

மைக் கட்டிய ஜீப் ஊருக்குள் மூன்றாம் முறையும் சுற்றி வந்தது.

"ஊர்ப் பெரியவங்க முடிவை மாத்திக்கினாங்க. பொதுமக்கள் எல்லாரும் வந்து ஓட்டுப் போடலாம்." சொல்லிச் சொல்லி அந்த ஆளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு நாய் மட்டும் ஜீப்பின் பின்னால் ஓடியது. தூசியில் தும்மிவிட்டுத் திரும்பிப் போனது.

சித்திரை வெயில். மலைக்குக் கீழேயிருந்து வந்த அதிகாரி பலா மரத்தடியில் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் எங்கள் ஊர்க்கவுண்டர் சடையன். எனக்கு மாமன் முறை. அவருக்குப் பின்னால் நான்.

"நீங்கதான் ஒத்துக்கினீங்க. மைக்லயும் சொல்லியாச்சு. ஏன் ஒருத்தரும் வரல?" என்றார் அதிகாரி.

"மைக் சொன்னா வரமாட்டாங்க" என்றார் கவுண்டர்.

"அப்ப நீங்க போயி சொல்லுங்க."

"நான் சொன்னாலும் வரமாட்டாங்க."

"பின்ன யாருதான்யா சொல்லணும்?"

கவுண்டர் திரும்பி என்னைக் காட்டினார். "இவன் சொல்லணும்ங்க. கங்காணி."

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். முழங்காலுக்கு மேல் கட்டிய வேட்டி. தோளில் துண்டு. கையில் ஒரு கோல். "இவரா?" என்றார்.

"இவன்தாங்க."

"அப்ப போவச் சொல்லுங்க. நேரம் போய்க்கினே இருக்குது."

கவுண்டர் என்னைப் பார்த்தார். போ என்று சொல்லவில்லை.

எந்தச் சாவுக்காக ஊர் ஓட்டை நிறுத்தியதோ, அது என் வீட்டுச் சாவு.

கேட்டவருக்குப் பதில்

போன வாரம் கடுக்காய் பொறுக்கப் போனதை எழுதினேன். அதைப் படித்த ஒருவர், கள்ளக்குறிச்சிக்காரர், கேட்டிருந்தார். போன எம்.பி. தேர்தலில் உங்கள் மலைப்பக்கம் எப்படி ஓட்டுப் போட்டது என்று.

மலை முழுக்க எனக்குத் தெரியாது. கல்வராயன் மலை பெரியது. எனக்கு ஒரு ஊர் தெரியும். அதை எழுதுகிறேன். ஊர்ப் பேரைப் போட வேண்டாம் என்று கவுண்டர் சொல்லிவிட்டார். போடவில்லை.

கங்காணி வேலை

கங்காணி என்றால் தேயிலைத் தோட்டத்தில் ஆள் மேய்க்கிறவர் என்று கீழே நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் அது வேறு. ஊர்க்கவுண்டர் சொல்வதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் கங்காணி. என் அப்பன் செய்தார். அவருக்கு முன் அவர் அப்பன். சம்பளம் கிடையாது. அறுப்பு முடிந்தால் வீட்டுக்கு ஒரு முறம் சாமை தருவார்கள்.

விதி கொஞ்சம்தான். கிழக்கு ஓரத்து வீட்டில் தொடங்க வேண்டும். தன் வீடு கடைசி. வாசலில் கோலை ஊன்றி நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. கவுண்டர் சொன்ன சொல்லை அப்படியே சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர் "கேட்டுக்கினேன்" என்று சொன்ன பிறகுதான் நகரலாம்.

கூடாது என்று கங்காணி சொல்லிக் கட்டிய சொல்லைக் கங்காணிதான் போய் அவிழ்க்க வேண்டும். அதே வரிசையில் நடந்து அவிழ்க்க வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது.

யாராவது மீறினால் அதைக் கவுண்டரிடம் சொல்ல வேண்டியவனும் அவன்தான்.

என் அப்பன் காலத்தில் ஒரு முறை நடந்தது. மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கும் வரை யாரும் விதைக்கக் கூடாது என்று சொல் கட்டியிருந்தது. பொங்கல் முடிந்தது. விதைக்கலாம் என்று கவுண்டர் சொல்லிவிட்டார். ஆனால் அப்பனுக்குக் காய்ச்சல். எழ முடியவில்லை. நல்ல மழை பெய்து மண் ஈரமாகிக் கிடக்கிறது. ஊர் முழுக்க விதைச் சாமையை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. ஒருவரும் கொல்லையில் கால் வைக்கவில்லை.

கடைசியில் நாலு பேர் கட்டிலோடு அப்பனைத் தூக்கினார்கள். வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்தார்கள். அவர் படுத்தபடியே "விதைக்கலாமாம்" என்றார். ஒரு வீட்டில் வயசான ஒருத்தி, "பாடையில வந்து சொன்னாலும் நீ சொன்னாத்தான்டா சொல்லு" என்றாளாம். அப்பன் அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாராம்.

இதைக் கீழே சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஓட்டு மலையேறியது

எங்கள் மலைக்கு ஓட்டு பிந்தித்தான் வந்தது. கீழே பலமுறை ஓட்டுப் போட்டு அலுத்த பிறகு வந்தது. மூன்று ஜாகீர்தார்கள் கையில் மலை இருந்தது. அவர்கள் அதிகாரம் போனது. அது போய் வெகுகாலம் கழித்துத்தான் எங்கள் பேர் பட்டியலில் ஏறியது. நான் மீசை வைத்த ஆளாகத்தான் முதல் ஓட்டுப் போட்டேன்.

அப்பனுக்கும் அதுதான் முதல் ஓட்டு. பள்ளிக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கையெடுத்துக் கும்பிட்டார். சாமி எங்கே என்று அவர் தேடியது எனக்குத் தெரிந்தது.

முதலில் எல்லாம் எந்தச் சின்னம் என்பதையும் ஊர் கூடித்தான் முடிவு செய்யும். நான் கோலோடு போய்ச் சொல்வேன். இப்போது அப்படி இல்லை. பிள்ளைகள் திருப்பூர் போகிறார்கள். கர்நாடகத்துக்குக் காப்பிக்கொட்டை பறிக்கப் போகிறார்கள். கையில் போன் இருக்கிறது. அவரவர் சின்னம் அவரவர் விருப்பம். கவுண்டர் அதில் தலையிடுவதில்லை.

ஆனால் போவதா, வேண்டாமா என்பது இன்றைக்கும் ஊர்ப் பேச்சு.

ஓடைக்கரை

எங்கள் ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. பாலம் இல்லை. வெயில் காலத்தில் வெறும் கல். ஆடு கூடத் தாண்டிப் போகும். ஐப்பசியில் அது ஓடை இல்லை, ஆறு.

ஓட்டு வெயில் காலத்தில் வரும். வெள்ளம் ஐப்பசியில் வரும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

என் மகள் தெய்வானை. ஒரே மகள். உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்திருந்தேன். தேர்தலுக்கு முந்தைய ஐப்பசியில் அவளுக்கு வலி கண்டது. தலைப் பிள்ளை. கால் முதலில் வருகிறது என்று பிரசவம் பார்த்தவள் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றாள்.

போர்வையில் தூளி கட்டினோம். மூங்கிலின் முன்பக்கம் மருமகன், பின்பக்கம் நான். கரைக்கு வந்தபோது தண்ணீர் கரையோர மரத்தின் பாதி உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

போன் போட்டிருந்தோம். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அந்தக் கரையில் வந்து நின்றது. மேலே விளக்கு சுற்றியது. டிரைவர் இறங்கி நின்று எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். ஏதோ கத்திச் சொன்னார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. மருமகன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். தண்ணீர் அவனைத் திருப்பி எங்கள் கரையிலேயே போட்டது.

அவளை ஒரு பாறைமேல் கிடத்தினோம். பிளாஸ்டிக் தாள் பிடித்தோம். அவள் அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளம் வடியும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தாயும் போய்விட்டாள். பிள்ளையும் போய்விட்டது.

டிரைவர் கடைசி வரை போகவில்லை. தண்ணீர் வடிந்ததும் நடந்து வந்து பார்த்தார். வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். அவர் யாரோ, எந்த ஊரோ.

இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

அவள் எழுந்து நின்றாள்

தேர்தல் வருகிறது என்றதும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மாரியம்மன் கோயில் கல்லுக்கு முன்னால். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். பெண்கள் பேசுவது கிடையாது.

என் வீட்டுக்காரி சின்னப்பொண்ணு எழுந்து நின்றாள். மகள் போனதிலிருந்து வீட்டிலேயே அவள் நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றாள். "பாலம் இல்லாத ஊருக்கு ஓட்டு மட்டும் எதுக்கு?"

உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கவுண்டர் கல்லைத் தொட்டார். "பாலத்துக்கு வழி பொறக்காம யாரும் ஓட்டுக்குப் போவக் கூடாது" என்றார். என்னிடம் சொல்லைக் கொடுத்தார்.

கிழக்கு வீட்டில் தொடங்கி என் வீடு வரை சொன்னேன். என் வாழ்நாளில் எத்தனையோ சொல் சுமந்திருக்கிறேன். வரிச் சொல், சாவுச் சொல், திருவிழாச் சொல். சுமக்கச் சுலபமாக இருந்தது அது ஒன்றுதான்.

வாய்ச்சொல்

ஓட்டு நாளன்று காலையில் அதிகாரி வந்தார். கூட இரண்டு மூன்று பேர். ஓடையைப் பார்த்தார்கள். அதில் ஒருவர், "தண்ணியே இல்லியே, இதுக்கா பாலம் கேக்கறாங்க?" என்றார்.

"ஐப்பசில வாங்க. காட்டறேன்" என்றான் என் மருமகன்.

அதிகாரி அந்த ஆளை முறைத்தார். மருமகன் பக்கம் திரும்பி, "தம்பி, விசயம் கேள்விப்பட்டேன்" என்றார். நல்ல மனுஷர். அதை மறைக்க மாட்டேன்.

கவுண்டரிடம் உட்கார்ந்து பேசினார். "நான் இங்க வந்து கொஞ்ச நாள்தான் ஆவுது. எலக்சன் நேரத்துல எதையும் எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்ல. வாய்ச்சொல்லு தரேன். அடுத்த மழைக்குள்ள பாலத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

கவுண்டர் பெரியவர்களைக் கூப்பிட்டு ஓரமாகப் பேசினார். நானும் நின்றேன்.

"எழுத்து வேணாமா?" என்று ஒருவர் கேட்டார்.

"நம்ம ஊர்ல எழுத்தா நடக்குது? வாய்ச்சொல்லுதான நடக்குது. மனுசன் வூடு தேடி வந்து சொல்றான்" என்றார் கவுண்டர். "ஓட்டு போடாத ஊருன்னு பேரு எடுத்துட்டா நாளைக்கு ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான். வழி பொறந்தா போவலாம்னுதான் சொல்லு. வழி பொறந்துச்சுன்னு நெனச்சிக்கினு போவலாம்."

அவர் சொன்னது சரி. தப்பு எங்கே என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் சொல் கொடுத்தவனே அதை நிறைவேற்றத் திரும்பி வர வேண்டும். கீழேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

அதன் பிறகுதான் ஜீப் மைக் சுற்றியது. ஒருவரும் வரவில்லை. அதிகாரி வியர்த்து நின்றார். கவுண்டர் என்னைப் பார்த்தார்.

நான் போகாமல் இருந்திருக்கலாம். கோலைக் கீழே போட்டிருந்தால் அன்றைக்கு எங்கள் ஊரில் ஓட்டு இல்லை. தெய்வானைக்காக ஊர் கட்டிய சொல் கட்டியபடியே நின்றிருக்கும். மருமகன் தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு குடுங்க மாமா" என்றேன்.

கவுண்டர் சொன்னார். "வழி பொறந்துச்சு. எல்லாரும் ஓட்டுக்குப் போவணும்."

கிழக்கிலிருந்து மேற்கு

முதல் வீடு குள்ளனுடையது. வாசலில் மரவள்ளிக் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். கோலை ஊன்றினேன். சொன்னேன்.

கத்தியைக் கீழே வைத்தான். "நீயா வந்து சொல்ற?" என்றான்.

நான் பதில் சொல்லக் கூடாது. நின்றேன்.

"கேட்டுக்கினேன்" என்றான். துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.

மூன்று நாலு வீடு தள்ளி வெள்ளச்சி. எனக்கு அண்ணி முறை. வாயாடி.

"அன்னிக்கு போவாதன்ன. இன்னிக்கு போன்ற. சோத்த வடிச்சிட்டுப் போவட்டா, வடிக்காம போவட்டா?"

"வழி பொறந்துச்சு. எல்லாரும் ஓட்டுக்குப் போவணும்."

"அதான் கேட்டேனே. சோறு?"

சோற்றைப் பற்றிக் கவுண்டர் சொல்லவில்லை. கோலை ஊன்றியபடி நின்றேன்.

"உங்கவுண்டருக்கு பசிக்காதா?" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தவள் என் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "கேட்டுக்கினேன் கொழுந்தனாரே, கேட்டுக்கினேன். போ."

நடுத்தெருவில் ஒரு வீட்டில் கர்ப்பமான பெண் வந்து நின்றாள். பேர் எழுதவில்லை. நிறை வயிறு. நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பாலம் வந்துடுமாண்ணா?" என்று கேட்டாள்.

ஒரு சொல் கூட்டக் கூடாது. கோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேட்டுக்கினேன்" என்றாள்.

எனக்குப் பின்னால் கதவுகள் திறந்தன. பேச்சுச் சத்தம் கேட்டது. ஆட்கள் ஓடைப் பக்கம் நடந்தார்கள். சாவடி ஓடைக்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில். எல்லோரும் அந்தப் பாறையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது பேச்சு நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

மருமகன் வீடு. அவன் வாசலிலேயே நின்றான். சொன்னேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. கீழே விழவில்லை. "கேட்டுக்கினேன் மாமா" என்றான்.

கடைசி வீடு

என் வீட்டு வாசலில் சின்னப்பொண்ணு உட்கார்ந்து புளி குத்திக்கொண்டிருந்தாள். கொட்டை ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். நிமிரவில்லை.

கோலை ஊன்றினேன். "வழி பொறந்துச்சு. எல்லாரும் ஓட்டுக்குப் போவணும்."

"யாரு சொல்றது?" என்றாள். "நீயா, கங்காணியா?"

"கங்காணி."

"அப்ப கங்காணிகிட்ட சொல்றேன். கேட்டுக்கினேன். போவ மாட்டேன்."

நின்றேன். வேறு வீடாக இருந்தால் நகர்ந்திருக்கலாம். கேட்டுக்கொண்டேன் என்று சொல்லியாகிவிட்டது. என் வேலை முடிந்தது.

"இன்னும் இன்னா?" என்றாள். "எம் புருசன் வந்தா அவருக்கும் இதான் பதிலு. வழி எங்க பொறந்துச்சு? எனக்குக் காட்டு."

"வாய்ச்சொல்லு குடுத்திருக்காரு."

"கங்காணி ஒரு சொல்லு ஜாஸ்தி பேசறாரு" என்றாள்.

அது உண்மை.

கோலை வாசலில் சாய்த்தேன். ஓடைக்கு நடந்தேன். அந்தப் பாறையைத் தாண்டினேன். வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். ஊர்ச் சொல்லை ஊருக்குச் சொன்னவன் தானே மீறக் கூடாது.

திரும்பி வந்ததும் சோறு போட்டாள். தட்டை வைக்கும்போது என் இடது கை விரலில் இருந்த மையைப் பார்த்தாள். குழம்பு கொஞ்சம் அதிகமாக ஊற்றினாள்.

எந்த வீடு?

பொழுது சாய்கையில் கவுண்டர் முன்னால் போய் நின்றேன்.

"எல்லா வூட்டுக்கும் சொன்னியா?"

"சொன்னேன்."

"மீறினது உண்டா?"

"ஒரு வூடு."

"எந்த வூடு?"

"எங்க வூடு."

கவுண்டர் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். மெல்லுவதை நிறுத்தினார். "சொல்லாம இருந்திருக்கலாமேடா" என்றார்.

"எப்படி மாமா?" என்றேன்.

"அதுஞ் சரி" என்றார்.

அடுத்த கூட்டத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். கல்லுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சொல்ல மீறினியா?" கவுண்டர் கேட்டார்.

"மீறனேன்."

"குத்தம்னு ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்."

"அப்ப கல்லு முன்னால வுழுந்து எந்திரி. முடிஞ்சுபோவும்."

எங்கள் ஊரில் தண்டனை அதுதான். மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தால் குற்றம் தீர்ந்தது. பிறகு அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

அவள் நின்றாள்.

"வுழறேன். மாட்டேன்னு சொல்லல" என்றாள். "பாலம் கட்டட்டும். அதும்மேல வுழறேன்."

ஒரு பெரியவருக்குக் கோபம் வந்தது. "ஊரையே எடுத்தெறிஞ்சு பேசறா. தள்ளி வையுங்க அந்த வூட்ட" என்றார்.

"வைக்கலாம்" என்றான் குள்ளன். "வூடு வூடா போயி யாரு சொல்றது? கங்காணிதான் சொல்லணும். எங்க வூட்ட தள்ளி வெச்சிருக்குதுன்னு அவனே வந்து சொல்வானா?"

பின்னாலிருந்து வெள்ளச்சி குரல் கொடுத்தாள். "சொல்வான். அவன் சொல்லக் கூடியவன்தான். கேட்டுக்கினேன்னு நாங்க சொல்லணுமே?"

சிலர் சிரித்தார்கள். கவுண்டரும் குனிந்துகொண்டார். பிறகு கல்லைத் தொட்டுச் சொன்னார். "வழக்கு நிக்கட்டும்."

நிற்கும் வழக்கு என்றால் என்ன என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். தீராத வழக்கு ஒன்று நின்றால், ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் அதைத்தான் கூப்பிட வேண்டும். அது கல்யாணப் பேச்சானாலும் சரி, திருவிழாப் பேச்சானாலும் சரி. அதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றது.

சின்னப்பொண்ணுக்கு அந்த விதி தெரியும். கங்காணி பெண்டாட்டி.

கீழே எப்படிப் போட்டார்கள்

எண்ணி முடித்தபோது நான் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்புக் கொல்லையில் வேலையாக இருந்தேன். டிராக்டரில் கரும்பு ஏற்றியபடி ஆட்கள் பேசினார்கள். கரும்பு போட்டவர் கரும்பு விலையை நினைத்துப் போட்டிருந்தார். ஏரிப் பாசனக்காரர் ஏரியை நினைத்துப் போட்டிருந்தார். பஸ்ஸில் வடக்கனந்தல்காரர் ஒருவர், "நாங்க எங்க சாதி சனத்த பாத்துப் போட்டோம், எதுக்கு மூடி மறைக்கணும்?" என்றார். கூலிக்குப் போகும் ஒருத்தி, "நாங்க யாருக்குப் போட்டா இன்னா, களையெடுக்க நாங்கதான் குனியணும்" என்றாள்.

ஜெயித்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். நான் எழுத வேண்டியதில்லை. அவருக்கு எங்கள் ஊரிலும் விழுந்தது. தோற்றவருக்கும் விழுந்தது. எங்கள் ஊர் நன்றாக ஓட்டுப் போட்ட ஊர் என்று பேர் வாங்கியது.

"உங்க மலையில எப்படி?" என்று என்னையும் கேட்டார்கள்.

"எல்லாரும் போட்டோம். எங்க வூட்டுல ஒண்ணு கம்மி" என்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கரும்புக் கட்டு காத்துக்கொண்டிருந்தது.

வழக்கு நிற்கிறது

அந்த அதிகாரி ஒரு முறை ஆள் அனுப்பினார். வந்து அளந்தார்கள். இரண்டு கரையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். பிறகு அவருக்கு மாறுதல் வந்துவிட்டது. கவுண்டர் கீழே போய்க் கேட்டார். புதிதாக வந்தவர் மரியாதையாகப் பேசினாராம். "அவர் சொன்னது எனக்குத் தெரியாதுங்களே" என்றாராம்.

மழை வந்தது. சுண்ணாம்புக் கோடு போய்விட்டது.

நடுத்தெருப் பெண்ணுக்கு மழைக்கு முன்பே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. ஓடை அப்போது காய்ந்து கிடந்தது. அவள் நல்ல நேரம்.

எங்கள் கூட்டம் மாதத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். எல்லோரும் உட்கார்ந்ததும் நான் எழுந்து கோலை ஊன்றுவேன். "கங்காணி வூட்டு வழக்கு" என்று கூப்பிடுவேன். என் பெண்டாட்டி வழக்கை நான்தான் கூப்பிட வேண்டும். அவள் பின்னால் எழுந்து நிற்பாள்.

"பாலம் வந்துச்சா?" என்று கவுண்டர் கேட்பார்.

"வரல" என்பேன்.

"யாரு போயி கேட்டது?"

போய்க் கேட்டவர் எழுந்து சொல்ல வேண்டும். யாரும் போகவில்லை என்றால், அடுத்து யார் போவது என்று அங்கேயே பேசி முடிக்க வேண்டும். அதுவரை வேறு பேச்சு எடுக்க முடியாது. முன்பெல்லாம் மனுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவோம். இப்போது மறக்க வழியில்லை. கவுண்டருக்கு வயதாகிவிட்டது. இரண்டு பஸ் மாறி அவர் கீழே போய் வருகிறார். "எங்க ஊர்ல ஒரு வழக்கு நிக்குதுங்க" என்று சொல்லித்தான் ஒவ்வோர் அறையிலும் பேச்சைத் தொடங்குகிறாராம்.

வீட்டில் நாங்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரே ஒரு முறை கேட்டேன். "இப்பிடி மாசா மாசம் நிக்கறது உனக்குக் கஷ்டமா இல்லியா?"

"அவ பாறையில படுத்துக்கினு இருந்தா" என்றாள். "நான் நிக்கறேன். இன்னா இப்போ?"

போன கூட்டத்திலும் கூப்பிட்டேன். சின்னப்பொண்ணு எழுந்தாள். அவள் பக்கத்தில் வெள்ளச்சியும் எழுந்தாள். அப்புறம் நடுத்தெருப் பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் இன்னும் ஒருத்தி. இன்னும் ஒருத்தி.

அவர்கள் மேல் வழக்கு இல்லை. எல்லோரும் அன்றைக்கு ஓட்டுப் போட்டவர்கள்.

கவுண்டர் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.